கூரையிலிருந்து தொடங்குங்கள்: அருங்காட்சியகங்களும் அவற்றைக் கட்டியவர்களும்

சிலைகளுக்காக மட்டுமின்றிக் கட்டடத்துக்காகவும் போய்ப் பார்க்க வேண்டிய மாநில அருங்காட்சியகங்கள் இந்தியாவில் எவை, அவற்றை வடிவமைத்தவர்கள் யார், கட்டடக் கலை படிக்காத ஒருவர் அங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்பது கேள்வி.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அது பிடிபட்டால் மற்ற இரண்டும் எளிது. முதலில் கூரையைக் கவனியுங்கள். அருங்காட்சியகத்துக்குச் சுவர் முழுக்கத் தேவை. படம் மாட்டவும் பேழை வைக்கவும் இடம் வேண்டும். ஜன்னல் வைத்தால் சுவர் குறையும், பேழைக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறித்து உள்ளே இருப்பதும் தெரியாது. அதனால் வெளிச்சம் மேலிருந்து வருவதுதான் நல்லது. ஆனால் மேலே திறந்தால் வெயிலும் மழையும் கூடவே வரும். இந்தச் சிக்கலை ஒருவர் எப்படித் தீர்த்தார் என்பதில்தான் அவருடைய திறமை தெரியும். கட்டடம் பிற்காலத்தில் எங்கே நோய்ப்படும் என்பதும் அங்கேயே தெரியும்.

வெளிச்சம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு தேவை. காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம், சுவடி போன்றவற்றின் மீது 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விழக்கூடாது என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வழக்கம். எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை போகலாம். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று 50 லக்ஸில் காட்சிக்கு வைத்தால் ஆண்டுக்கு 1,20,000 லக்ஸ் மணி ஆகிறது. உச்சி வெயில் நேராக விழும் இடத்தில் அளவு 1,00,000 லக்ஸ் வரை இருக்கும். அதாவது கூரைச் சாளரத்தின் ஓர் இடுக்கு வழியாக ஒரு சிற்றோவியத்தின் மேல் ஒரு மணி நேரம் வெயில் விழுந்தால், கிட்டத்தட்ட ஓராண்டுக்குரிய வெளிச்சத்தை அது அந்த ஒரே மணியில் வாங்கிவிடுகிறது. வெளுத்த சாயம் திரும்ப வராது. கல்லுக்கும் உலோகத்துக்கும் இந்தக் கவலை இல்லை, அவற்றுக்குப் பகை ஈரமும் உப்பும்.

தென்னிந்தியாவில் முதலில் பார்க்க வேண்டியது திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகம். 1880இல் கட்டி முடித்தார்கள். வடிவமைத்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். சென்னை மாநிலக் கல்லூரி, பல்கலைக்கழக செனட் இல்லம் ஆகியவற்றைக் கட்டியவரும் அவரே. கட்டடத்துக்குப் பெயர் தந்த நேப்பியர் பிரபு 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநர். இந்தியாவில் கட்டும் அரசுக் கட்டடங்கள் இந்த மண்ணின் கட்டட மரபிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாக வாதாடியவர். மதுரை திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட வைத்ததும் அவரே, அந்த வேலையைச் செய்தவர் சிஷோம். மகாலின் தூண்களையும் வளைவுகளையும் அளந்து பழுது பார்த்தவர் அதன்பின் திருவனந்தபுரத்துக்கு வரைந்தார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்தக் கட்டடம் இன்னும் நன்றாக விளங்கும்.

தூரத்திலிருந்து பார்க்கும்போது கோபுரங்களும் பலநிறச் செங்கல் வரிசைகளும்தான் முதலில் கண்ணில் படும். அவற்றைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு ஓட்டுக்கூரையின் சரிவைப் பாருங்கள். செங்குத்தாக இறங்குகிறது. கேரளத்தின் மழைக்கு அந்தச் சரிவு தேவை, தண்ணீர் ஒரு நொடிகூடத் தங்காது. இப்போது கூரையின் முக்கோண முகப்புகளைப் பாருங்கள். மரச் செதுக்கு வேலையில் இடையிடையே துளைகள் இருக்கும். அவை அலங்காரம் மட்டுமல்ல, காற்றுப் போக்கிகள். உள்ளே கூடம் உயரமானது. சூடான காற்று மேலே ஏறி அந்தத் துளைகள் வழியே வெளியேறும், கீழே ஜன்னல்கள் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே வரும். ஏப்ரல் மாத மதியத்தில் வெளியே நின்றுவிட்டு உள்ளே போனால் வித்தியாசம் உடம்பில் தெரியும். வண்ணப் பட்டைகள் தீட்டிய உட்சுவர்களைப் பலரும் படம் எடுப்பார்கள். நான் சொல்வது, கூடத்தின் நடுவில் நின்று ஐந்து நிமிடம் மேலே பாருங்கள்.

இந்த ஏற்பாட்டின் குறையையும் சொல்ல வேண்டும். காற்றோட்டமான கட்டடத்தில் வெளியே எவ்வளவு ஈரப்பதமோ உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவே. அங்கே மரச் சிற்பங்களும் தந்தச் செதுக்கல்களும் உள்ளன. ஆனால் மரத்தையும் தந்தத்தையும் வெடிக்க வைப்பது நிலையான ஈரத்தைவிடத் திடீர் ஏற்ற இறக்கம்தான். பல அருங்காட்சியகங்களில் பார்வையாளர் வசதிக்காகக் காலை 10 மணிக்கு ஏசியைப் போட்டு மாலை 5 மணிக்கு அணைத்துவிடுகிறார்கள். பகலில் காற்று உலர்கிறது, இரவில் மறுபடி ஈரம் ஏறுகிறது. மரம் தினமும் ஒரு முறை சுருங்கி ஒரு முறை விரிகிறது, சில ஆண்டுகளில் இழை ஓடும் திசையில் கீறல் விழும். அந்த வகையில், அரைகுறை ஏசியைவிடச் சிஷோமின் காற்றோட்டம் எவ்வளவோ மேல்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் வேறு மாதிரி. அது ஒரே கட்டடம் இல்லை, பாந்தியன் வளாகத்தில் வெவ்வேறு காலத்தில் எழுந்த கட்டடங்களின் கூட்டம். 1851இல் தொடங்கி, 1854இல் எழும்பூருக்கு வந்தது. அரைவட்ட முகப்புள்ள மியூசியம் தியேட்டரும் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகமும் ஹென்றி இர்வின் வடிவமைத்தவை. 1909இல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபமும், அதாவது பிற்காலத் தேசியக் கலைக்கூடமும், அவருடையதே. சிம்லாவின் வைசிராய் மாளிகையும் மைசூர் அரண்மனையும் வரைந்த கை அது. மண்டபத்தின் வாயில் வளைவு ஃபதேபூர் சிக்ரியின் புலந்து தர்வாசாவை நினைவூட்டும். வெளிச்சுவர் சத்தியவேட்டிலிருந்து வந்த இளஞ்சிவப்பு மணற்கல். காலை வெயிலில் அந்தக் கல்லைக் கையெட்டும் தூரத்தில் நின்று பாருங்கள், உளியின் கோடுகள் தெரியும்.

இங்கே இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். அந்த மண்டபத்தைக் கட்டியெழுப்பியவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. உயர்நீதிமன்றம் உட்பட அந்தக் காலச் சென்னையின் பல பெரிய சிவப்புக் கட்டடங்கள் அவர் ஒப்பந்தத்தில் எழுந்தவை. கல் எங்கிருந்து வருவது, எந்தக் கொத்தனார் எந்த வளைவைப் பிடிப்பது என்று முடிவு செய்யும் இடத்தில் இருந்தவர். இர்வின் பெயரைச் சொல்லும் இடத்திலெல்லாம் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

எழும்பூரில் கட்டடமும் பொருளும் மோதிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்களை 19ஆம் நூற்றாண்டில் சுவரோடு சேர்த்துப் பூசிப் பதித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அது பாதுகாப்பான வழியாகத் தெரிந்தது. நடந்தது வேறு. சுவரில் ஏறும் ஓதம், பூச்சிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு கல்லுக்குள் புகுகிறது. கல்லின் முகத்தில் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தோலுக்கு அடியில் படிகமாகத் தங்குகிறது. படிகம் பெருக்கப் பெருக்க மேல்தோல் பொடியாக உதிர்கிறது. செதுக்கு வேலை முழுவதும் இருப்பது அந்த மேல்தோலில்தான். சுவரிலிருந்து பெயர்த்தெடுப்பதும் எளிதல்ல. பின்பக்கப் பூச்சை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எடுக்க வேண்டும், அதிர்வு பட்டால் கல்லே விரியும். இதனால்தான் இன்று எந்தச் சிற்பத்தையும் சுவரில் பதிப்பதில்லை. துருப்பிடிக்காத எஃகுத் தாங்கிகளில், சுவருக்கும் கல்லுக்கும் இடையே காற்று ஓடும்படி நிறுத்துகிறார்கள்.

செப்புத் திருமேனிகளுக்கு வேறு சோதனை. மண்ணில் புதைந்திருந்து கிடைத்தவற்றின் உடம்பில் குளோரைடு உப்பு ஊறியிருக்கும். காற்றில் ஈரப்பதம் 40 முதல் 45 விழுக்காட்டைத் தாண்டினால் அது விழித்துக்கொள்கிறது. வெளிர்பச்சை நிறத்தில், விரலால் தொட்டால் ஒட்டும் மாவு போன்ற புள்ளிகள் தோன்றும். அழகாக ஏறிய பழைய களிம்பு கெட்டியாகவும் பளபளப்பாகவும் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இந்த மாவுப் பச்சை வேறு. வேதிவினையில் அமிலம் உருவாகி, அது மேலும் செம்பைத் தின்று, மறுபடி அமிலம் உருவாகும். தானாக நிற்காது. கடலோரச் சென்னையில் ஈரப்பதம் சாதாரணமாகவே 70ஐத் தொடும். இதற்காகவே எழும்பூரில் 1930இல் பாதுகாப்பு ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்த ஆய்வகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் திருமேனிகளைச் சுத்தம் செய்து காட்டினார். திருமேனியை எதிர்மின்முனையாக்கிக் கரைசலில் வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்த, குளோரைடு வெளியே இழுக்கப்பட்டுவிடும். வெண்கலக் கூடத்தில் பேழைக்குள் சிறிய ஈரமானி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அருங்காட்சியகம் எவ்வளவு அக்கறையோடு நடக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

இனி அகமதாபாத். கட்டடக் கலையில் ஆர்வமுள்ளவர் ஒரே ஒரு ஊருக்குத்தான் போக முடியும் என்றால் இங்கேதான் போகச் சொல்வேன். சபர்மதி ஆற்றின் ஒரே கரையில், சில கிலோமீட்டர் இடைவெளியில், பத்தாண்டுக்குள் எழுந்த இரண்டு அருங்காட்சியகங்கள். இரண்டும் 'வளரக்கூடிய அருங்காட்சியகம்' என்ற எண்ணத்தில் பிறந்தவை. கூரை விஷயத்தில் மட்டும் நேர் எதிர்.

முதலாவது பால்டி பகுதியிலுள்ள சன்ஸ்கார் கேந்திரா, சண்டிகர் நகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வடிவமைத்த நகர அருங்காட்சியகம். 1954இல் அடிக்கல் நாட்டினார்கள். நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றிச் சதுரச் சுருளாக விரியும் கூடங்கள். சேகரிப்பு பெருகப் பெருகச் சுருளின் அடுத்த சுற்றைக் கட்டிக்கொள்ளலாம் என்பது அவருடைய நெடுநாள் கனவு. பூசாத செங்கல் பெட்டி ஒன்று காங்கிரீட் தூண்களின் மேல் நிற்கிறது. அதற்கு அடியில் நடந்து, நிழலிலிருந்து முற்றத்து வெளிச்சத்துக்கு வந்து, சாய்தளத்தில் ஏறி உள்ளே போக வேண்டும். அந்த நடை அருமையாக யோசித்தது. கூரையில்தான் சோதனை. தட்டையான மொட்டை மாடியில் 45 தொட்டிகள், ஒவ்வொன்றும் சுமார் 50 சதுர மீட்டர், சுமார் 40 சென்டிமீட்டர் தண்ணீர், அதில் செடிகள், தண்ணீரும் இலைகளும் சேர்ந்து வெயிலைத் தடுக்கும் என்பது திட்டம். கணக்குப் போடுங்கள்: ஒரு தொட்டிக்கு 20 கன மீட்டர், அதாவது 20 டன். மொத்தம் 900 டன் தண்ணீரைத் தலையில் சுமக்கிற கட்டடம். எடையைத் தாங்கலாம். ஆனால் காங்கிரீட்டில் மயிரிழை வெடிப்பு எங்கோ ஒன்று விழாமல் போகாது. தேங்கிய தண்ணீர் அதன் வழியே கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் வீங்கும். வீங்கினால் காங்கிரீட் பெயரும். மழை வடிந்து ஓடும் கூரையில் கசிவு ஆண்டுக்குச் சில மாதம் மட்டும், தேங்கும் கூரையில் எப்போதும். அந்தக் கூரைத் தோட்டம் அவர் நினைத்தபடி நிலைக்கவில்லை, கட்டடமும் நன்றாகத் தேய்ந்தது. போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று கட்டாயம் விசாரியுங்கள். மூடியிருந்தாலும் வெளிப்புறத்தைப் பார்க்கலாம்.

இரண்டாவது, சபர்மதி ஆசிரமத்திலுள்ள காந்தி ஸ்மாரக் சங்கிரகாலயம். 1963இல் நேரு திறந்து வைத்தார். இந்தியக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவிடம் வேலை வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 6 மீட்டர் சதுர அலகு ஒன்று, அதையே மீண்டும் மீண்டும் அடுக்கியிருக்கிறார். சில அலகுகள் அறை, சில திறந்த தாழ்வாரம், சில முற்றம், நடுவில் ஒரு நீர்த்தொட்டி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கமும் சரியும் ஓட்டுக்கூரை. ஜன்னல்களில் கண்ணாடியே கிடையாது, திருப்பக்கூடிய மரச் சாய்பலகைகள் மட்டும். காற்று வரும், வெயில் நேராக வராது.

அங்கே போனால் ஒரு செங்கல் தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே ஓடும் காங்கிரீட் உத்தரத்தைக் கீழிருந்து பாருங்கள், பிறகு ஓரத்துக்குப் போய் அதன் முனையைப் பாருங்கள். அது கட்டியான உத்தரம் இல்லை, மேல்பக்கம் திறந்த கால்வாய். இரண்டு பக்கத்துக் கூரைகளும் அதில்தான் தண்ணீரைக் கொட்டுகின்றன. கூரையைத் தாங்குவதும் மழைநீரை எடுத்துப் போவதும் ஒரே உறுப்பு. பக்கத்தில் இன்னொரு அலகு சேர்க்க வேண்டுமென்றால் அந்தக் கால்வாயின் மறுபக்கத்தில் கூரையைச் சாய்த்துவிட்டால் போதும், சந்திப்பில் ஒழுகுமே என்ற கவலை இல்லை. கட்டடங்களை விரிவாக்கும்போது முதலில் ஒழுகுவது பழைய கூரையும் புதிய கூரையும் சேரும் பள்ளம்தான். அந்தப் பள்ளத்தையே கொரியா கட்டடத்தின் எலும்பாக்கிவிட்டார். இந்த ஒரு விவரத்துக்காகவே மழைக்காலத்தில் ஒரு முறை போகலாம், தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். பராமரிப்பில் தவறக் கூடாதது ஒன்றே: பருவமழைக்கு முன் கால்வாயில் விழுந்த சருகை அள்ளிவிட வேண்டும். அடைத்துக்கொண்டால் தண்ணீர் விளிம்பு தாண்டிக் கூடத்துக்குள் இறங்கும்.

திறந்த கூடம் காகிதத்துக்கு ஆகாது. காந்தியின் கடிதங்களைத் தூசியிலும் ஈரத்திலும் விட முடியாது என்பதால் அடைத்த அறைகளையும் கொரியா வைத்தார். எதைத் திறந்தும் எதை மூடியும் வைக்க வேண்டும் என்ற பிரிப்பு வரைபடத்திலேயே இருக்கிறது, பிற்பாடு ஒட்டவைத்ததில்லை.

லெ கொர்பூசியேவின் அதே சுருள் எண்ணத்துக்கு இன்னும் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று 1959இல் திறந்த டோக்கியோவின் தேசிய மேலைக் கலை அருங்காட்சியகம், மற்றது சண்டிகர் 10ஆம் செக்டாரில் 1968இல் திறந்த அரசு அருங்காட்சியகம். டோக்கியோவில் கூடங்களுக்கு இயற்கை வெளிச்சம் வரும்படி வைத்த மேல்மட்டக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பின்னாளில் செயற்கை விளக்குதான் எரிந்தது. மேலே சொன்ன லக்ஸ் கணக்கு அங்கேயும் வேலையைக் காட்டியது. சண்டிகர் கட்டடத்தைக் கட்டாயம் பாருங்கள், அதன் சேகரிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதால். பிரிவினைக்குப் பின் 1948இல் லாகூர் அருங்காட்சியகத்தின் பொருட்களை 60க்கு 40 என்று இரு நாடுகளும் பிரித்துக்கொண்டன. இந்தியாவுக்கு வந்த காந்தாரச் சிற்பங்களும் பஹாடி (இமயமலைப் பகுதிச்) சிற்றோவியங்களும் பல ஊர்களில் தங்கி, கடைசியில் இந்தக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தன. காந்தாரக் கல் மேல்வெளிச்சத்தில் உயிர்பெறுகிறது. ஆடை மடிப்புகளில் நிழல் விழும் விதத்தை ஒரே சிலையின் முன் காலையிலும் மாலையிலும் நின்று ஒப்பிடலாம். சிற்றோவியங்களுக்கு அந்த வெளிச்சமே ஆபத்து, அவற்றை மங்கிய இடத்தில் வைத்துப் பார்ப்பதுதான் சரி. கண் பழக இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள், நிறங்கள் தானே எழுந்து வரும்.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்தது. இந்திய நுழைவாயிலை வடிவமைத்தவரும் அவரே. உள்ளூர்க் கருங்கல், தக்காணக் குவிமாடம், முதல் உலகப் போரில் மருத்துவமனை, பிறகு 1922இல் திறப்பு. ஜெய்ப்பூரின் ஆல்பர்ட் ஹால் சாமுவேல் ஸ்விண்டன் ஜேக்கப் வரைந்து 1887இல் திறந்தது. 2020 ஆகஸ்டில் கொட்டிய மழையில் அதன் அடித்தளத்துக்குள் வெள்ளம் புகுந்தது. எகிப்திய மம்மியைக் காப்பாற்றப் பேழைக் கண்ணாடியை உடைக்க வேண்டியதாயிற்று, கோப்புகள் நனைந்து வெயிலில் காயவைக்கப்பட்டன. சுற்றியுள்ள சாலை மட்டம் ஆண்டுக்காண்டு உயர, பழைய கட்டடத்தின் அடித்தளம் மெல்லப் பள்ளமாகிவிடுகிறது. பழைய அருங்காட்சியகம் எதிலும் அரிய பொருளைத் தரைக்குக் கீழே வைக்கக் கூடாது.

பாட்னாவின் பீகார் அருங்காட்சியகம் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஃபுமிஹிகோ மாகியின் நிறுவனம் மும்பையின் ஓபோலிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து செய்தது, 2017இல் முழுமையாகத் திறந்தது. தனித்தனிக் கூடங்களை முற்றங்களாலும் நடைகளாலும் இணைத்திருக்கிறார்கள். புகழ்பெற்ற பழங்காலக் கற்சிலையான தீதார்கஞ்ச் யட்சி இங்கேதான் இருக்கிறாள். வெளிச்சுவரில் பழுப்பாகத் தெரிவது கார்டென் எஃகு. தானே ஒரு கெட்டியான துருப் படலத்தைப் போர்த்திக்கொண்டு அதற்குமேல் துருப்பிடிக்காமல் நின்றுவிடும். ஆனால் நனைவதும் காய்வதும் மாறி மாறி நடந்தால்தான் அந்தப் படலம் உருவாகும். தகட்டின் மடிப்பில் தண்ணீரோ சருகோ தங்கினால் காயவே காயாது, அந்த இடத்தில் ஓட்டை விழும் வரை துரு தொடரும். தகடுகளின் கீழ் விளிம்புகளையும் அதற்குக் கீழேயுள்ள தரைக் கல்லையும் பாருங்கள். துருநீர் வடிந்த கறை இருக்கிறதா, வடிய வழி விட்டிருக்கிறார்களா என்பது அங்கே தெரியும்.

யார் கட்டியது என்று கண்டுபிடிப்பதில் ஒரு எச்சரிக்கை. வாசலிலுள்ள கல்வெட்டை நம்பிவிடாதீர்கள். அதில் அடிக்கல் நாட்டிய ஆளுநரோ இளவரசரோ இருப்பார், வரைந்தவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். ஒரே கட்டடத்துக்கு இரண்டு பெயர் சொல்லப்பட்டால் இரண்டும் சரியாக இருக்கலாம். பரோடாவில் கட்டடக் கலைஞர் சார்லஸ் மாண்ட் தொடங்கிய வேலைகளை அவர் 1881இல் இறந்தபின் சிஷோம் தொடர்ந்தார். வரைந்தவர், மேற்பார்வையிட்ட பொறியாளர், ஒப்பந்தக்காரர் ஆகிய மூவரையும் தனித்தனியாகத் தேடுங்கள். பொதுப்பணித் துறையின் பழைய ஆண்டறிக்கைகளில் மூவரும் அகப்படுவார்கள்.

போகும் நாள்: எழும்பூருக்கு வெள்ளி விடுமுறை. திருவனந்தபுரம், சண்டிகர், பாட்னா மூன்றுக்கும் திங்கள். திருவனந்தபுரத்தில் புதன்கிழமை முற்பகலும் மூடியிருப்பது வழக்கம். உள்ளே போவதற்கு முன் கட்டடத்தை வெளியே ஒரு முறை முழுதாகச் சுற்றிவாருங்கள். மழைநீர்க் குழாய்கள் எங்கே இறங்குகின்றன, எந்தச் சுவரில் பாசி ஏறியிருக்கிறது, எங்கே உப்புப் பூத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே அதே சுவரின் மறுபக்கத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே ஓவியமோ சுவடியோ இருந்தால் காப்பாட்சியர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது.